நாகஜோதியின் கால்களில் மூன்று நிறம்

“ஒண்ணு, அந்தப் பொண்ணு பொய் சொல்லுது. இல்லீன்னா அதுக்கு றெக்கை மொளைச்சிருக்குது. ரெண்டுல எதுன்னு நீங்கதானுங்க கண்டுபுடிச்சுத் தரோணும்.”

சொல்லிவிட்டு வெள்ளியங்கிரி ஒரு போட்டோவை மேஜை மேல் வைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விபத்து வழக்குகளைக் கவனிக்கும் அதிகாரி அவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், பையில் மூன்று பேனா.

தண்டாயுதபாணி போட்டோவைத் தொடவில்லை. வந்தவரின் முகத்தை முதலில் பார்ப்பதுதான் அவர் வழக்கம். இருபத்திரண்டு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறிய வந்தவர். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், பட்டனும் எலாஸ்டிக்கும் விற்கிற கடையின் மாடியில் ஆபீஸ். மேஜை ஒன்று, நாற்காலி மூன்று, உதவியாளர் ஒன்று.

அந்த உதவியாளர் வேல்விழி போட்டோவை எடுத்துப் பார்த்தாள். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். பனியன் கம்பெனியில் ஐந்து வருடம் செக்கிங் பார்த்தவள். துணியில் ஓட்டை கண்டுபிடிப்பதை விட ஆள் பேச்சில் ஓட்டை கண்டுபிடிப்பது சுலபம் என்று தெரிந்தபிறகு இங்கே சேர்ந்துவிட்டாள்.

“ஒரு பொம்பளப் புள்ள மிசின்ல உக்காந்து தைக்குது. இதக் குத்தம்னு சொன்னா திருப்பூர்ல பாதிப் பேரைப் பிடிச்சு உள்ள போடணுமே சார்.”

“தைக்கறது குத்தம் இல்லீங்க. அங்க எப்படிப் போச்சுங்கறதுதான் கேள்வி” என்றார் வெள்ளியங்கிரி.

கதையை அவர் சுருக்கமாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன், 2004-ல், அவிநாசி பக்கத்தில் பனியன் கம்பெனி ஆட்களை ஏற்றி வந்த வேன் மேல் ஒரு தண்ணீர் லாரி மோதியது. வேனில் நாகஜோதி என்ற டெய்லர் இருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் சிநேகிதி சீனியம்மாள். சீனியம்மாள் அந்த இடத்திலேயே செத்துப்போனாள். நாகஜோதிக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மனசு பாதிக்கப்பட்டது என்று இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறாள். எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை, ரோட்டில் கால் வைக்க முடியவில்லை, அதனால் பழைய வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்று மனு. டாக்டர் சர்டிபிகேட்டும் இருக்கிறது.

“கால் ஒடிஞ்சா எக்ஸ்ரே எடுக்கலாமுங்க. மனசு ஒடிஞ்சா எதுல எடுக்கறது?”

“எடுத்தாலும் சில பேருக்கு பிலிம் வெறுமையாத்தான் சார் வரும்” என்றாள் வேல்விழி.

தண்டாயுதபாணி அவசரமாக இருமினார். “ஊடு எங்கீங்க? வேலை எங்கீங்க?”

“ஊடு மங்கலத்துல. புருசன் தறி ஓட்டறான். வேலை வீரபாண்டில. ரோட்டு வழியில பன்னெண்டு கிலோமீட்டருங்க. ரெண்டு பஸ் மாறோணும். எதுலயாச்சும் ஏறித்தானுங்க போகோணும்? அப்படி ஏறறப்ப ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துருங்க. அடுத்த வெள்ளிக்கெழமை ஹியரிங். கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது.”

அவர் இறங்கிப் போனதும் வேல்விழி கேட்டாள். “மங்கலத்துக்கும் வீரபாண்டிக்கும் நடுவுல ஆயிரம் கம்பெனி இருக்கு. அதையெல்லாம் தாண்டி எதுக்கு சார் அம்புட்டுத் தூரம் போகுது?”

“நல்ல கேள்வி கண்ணு. அதை மறந்துராதே.”

தண்டாயுதபாணி தனக்குத் தெரிந்த இடத்தில் ஆரம்பித்தார். மறுநாள் காலை வீரபாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறி கண்டக்டர்களிடம் போட்டோவைக் காட்டினார். அவர் ஏறியதைப் பார்த்ததுமே ஒரு கண்டக்டர் வியர்த்துப்போய் டிக்கெட் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிட்டார்.

“நான் ரிட்டையர் ஆகி மூணு வருசம் ஆச்சுங்க.”

“தெரியுமுங்க சார். கை கேக்க மாட்டீங்குதுங்க.”

ஒருவருக்கும் அந்த முகத்தைத் தெரியவில்லை. ஆட்டோக்காரர்களுக்கும் தெரியவில்லை.

“அப்ப எவனோ பைக்ல கொண்டாந்து விடுறான் சார். புருசனுக்குத் தெரியாம ஒரு...”

“கண்ணு, இது இன்ஷூரன்ஸ் கேஸு. சினிமா ஆக்கிப்போடாதே. நீ நாளைக்கு அந்தக் கம்பெனிலயே வேலைக்குச் சேர்ந்துக்க.”

செக்கிங் தெரிந்தவர்களுக்குத் திருப்பூரில் வேலை கிடைக்க அரை நாள் போதும். வேல்விழிக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. முதல் நாள் சாயங்காலம் ஆபீஸ் படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“எட்டரைக்கு டான்னு சீட்டுல இருக்கு சார். ஆனா முன் கேட்டு வழியா வரல. பின்னால வேஸ்ட் துணி மூட்டை அடுக்கியிருக்க பக்கமிருந்து வருது. காதுல பனியன் துணியச் சுருட்டி வச்சிருக்கு. மிசின் சத்தத்துக்கா இருக்கும். அஞ்சரை ஆச்சுன்னா ஒரு நிமிசம் நிக்கல. ஒன்றரை ஷிப்ட் பாருன்னு சூப்பர்வைசர் கெஞ்சுறாரு, இது எந்திரிச்சுப் போயிருச்சு.”

“கூலி கூட வருமே. ஒன்றரை ஷிப்ட் வேண்டாம்னு ஒரு டெய்லர் சொல்லுதா?” தண்டாயுதபாணி பென்சிலைக் காதில் செருகினார். “வேற?”

“கால் பச்சையா இருக்கு.”

“பச்சை குத்தியிருக்குதா?”

“குத்தல சார். பூசின மாதிரி. நகக்கண்ணெல்லாம் பச்சை.”

இரண்டாம் நாள் அவள் வந்து சொன்னது: “இன்னைக்கு ஊதா.”

மூன்றாம் நாள்: “சிவப்பு. தினம் ஒரு கலர்ல மருதாணி வைக்கிற ஒரே ஆளு உலகத்துல இந்தப் புள்ளதான் சார்.”

தண்டாயுதபாணி நாற்காலியில் நிமிர்ந்தார். “அந்தக் கம்பெனில என்ன கலர் துணி கண்ணு தைக்கறாங்க?”

“வெள்ளை. ஆம்பளை பனியன். ஒரு நூல்கூட வேற கலர் கிடையாது.”

அவர் எழுந்து சுவரில் ஒட்டியிருந்த பஸ் ரூட் மேப்பின் முன்னால் போய் நின்றார். மங்கலத்திலிருந்து வீரபாண்டி வரை விரலை ஓட்டினார். பிறகு திரும்பினார்.

“மூணு நாளா நாம தப்பான எடத்துல தேடியிருக்கறோம். ரோட்டுல தேடினோம்.”

“பின்ன, ஆகாசத்துலயா தேடுறது?”

“தினம் ஒரு கலர்ல கால் நனையோணும்னா இந்த ஊர்ல ஒரே எடம்தான். யோசி.”

வேல்விழியின் வாய் திறந்தது. “சாயத் தண்ணி!”

“பள்ளம்” என்றார் அவர்.

கொங்கு நாட்டில் ஓடைக்குப் பள்ளம் என்று பெயர். சாயப்பட்டறைகளின் கழிவு அதில் இறங்கும். பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் முக்குகிறார்களோ அந்த நிறத்தில் தண்ணீர் ஓடும். தண்டாயுதபாணி பென்சிலால் மேப்பில் ஒரு கோணல் கோடு போட்டார். மங்கலத்துத் தறிக்கூடங்களுக்குப் பின்னால் தொடங்கிய கோடு, காடு கரைகளில் வளைந்து, அந்த பனியன் கம்பெனியின் பின்சுவரை உரசிக்கொண்டு போனது.

“பள்ளத்தோரமா வந்தா அஞ்சு கிலோமீட்டர்தான். அந்தப் பொண்ணு நடந்து வருது. இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேரோணும். அதுதான் ஒன்றரை ஷிப்ட் பாக்கறதில்லை.”

“அப்ப மனு நெசம்தானா சார்? வண்டில ஏறல.”

“பாதிதான் நெசம்.” அவர் கோட்டின் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டார். “இங்க மெயின் ரோடு குறுக்க போகுது. நடந்து வந்தாலும் இதைத் தாண்டாம முடியாது. ரோட்டுல காலே வைக்க முடியலீன்னு மனுவுல இருக்குது. தினம் ரெண்டு தடவை தாண்டுது. தாண்டறப்ப போட்டோ எடுத்தா, அந்த மனுசன் கேட்டது கெடச்சுரும்.”

வேல்விழி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

“மூணு நாளா மத்தியானம் அந்தப் புள்ள கொண்டாந்த கருவாட்டுக் குழம்பத்தான் சார் நான் சாப்பிடுறேன்.”

“நல்லா இருந்துதா?”

“ரொம்ப.”

“அப்ப போட்டோவை நான் எடுக்கறேன்.”

மறுநாள் சாயங்காலம் வேல்விழி கம்பெனியில் சொல்லிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட, ஐந்தரைக்கே இருவரும் பள்ளத்தை மெயின் ரோடு தாண்டும் இடத்துக்குப் போய்விட்டார்கள். டிவிஎஸ் வண்டியை மங்கலத்துப் பக்கம் இருந்த புளியமரத்தடியில் நிறுத்தினார்கள். ரோடு அகலமானது. நடுவில் புதிதாகச் சிமெண்டுத் திண்டு கட்டியிருந்தார்கள். பஞ்சு லாரியும் நூல் லாரியும் தண்ணீர் லாரியுமாக, ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் வழியாகப் பள்ளத்துத் தண்ணீர் மறுபக்கம் போனது. அன்றைக்கும் சிவப்பு.

ஆறு மணிக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கக் கரை மேல் நாகஜோதி வந்தாள். ஒல்லியான பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் தூக்குச் சட்டி. ரோட்டுக்கு இருபது அடி இருக்கும்போதே நின்றுவிட்டாள். தண்டாயுதபாணி புளியமரத்தின் பின்னாலிருந்து கேமராவைக் கண்ணில் வைத்தார்.

“ரோட்டுல கால் வச்சதும் ஒண்ணு. நடுவுல ஒண்ணு” என்று முணுமுணுத்தார்.

ஒரு லாரி ஹாரன் அடித்தது. நாகஜோதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். லாரி போன பிறகும் எழுந்திருக்கவில்லை. அடுத்து ஒரு பஸ் நடுவில் வந்து அவளை மறைத்துக்கொண்டு போனது. பஸ் போனபோது கரையில் ஆளைக் காணோம்.

ரோட்டிலும் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை.

“சார், றெக்கைதான் போலிருக்கு” என்றாள் வேல்விழி.

“உஸ்ஸ்.”

சலக், சலக் என்று ஒரு சத்தம் கேட்டது. அது ரோட்டிலிருந்து வரவில்லை. ரோட்டுக்குக் கீழே இருந்து வந்தது.

இருவரும் தங்கள் பக்கத்துச் சரிவுக்கு ஓடினார்கள். குழாயின் வாயிலிருந்து முதலில் தூக்குச் சட்டி வெளியே வந்தது. பிறகு ஒரு கை. பிறகு, உடம்பை இரண்டாக மடித்து, சிவப்புத் தண்ணீரில் முழங்கால் வரை நனைந்து, செருப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நாகஜோதி வந்தாள். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் காதுத் துணியைச் சரிசெய்தாள்.

தண்டாயுதபாணி கேமராவை இறக்கினார். பொத்தானை அமுக்கவில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“செக்கிங் அக்காவா?” நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க எங்க இங்கிட்டு?” பிறகு கேமராவைப் பார்த்தாள். முகம் மாறியது. “கேஸுக்கா?”

வேல்விழி தலையாட்டினாள். “ஆமா” என்றாள். பிறகு சரிவில் இறங்கி, சாயத் தண்ணீரில் கால் வைத்து அவள் பக்கத்தில் போய் நின்றாள். “என்ன புள்ள இது? இந்தப் பொந்துக்குள்ளயா தினமும்?”

“வேற எங்கிட்டுப் போக? பதினொரு கம்பெனி பாத்தோம்க்கா. எல்லாத்துக்கும் வாசல் ரோட்டுல இருக்கு. பின்சுவரு பள்ளத்துல இருக்கிறது இது ஒண்ணுதான். முத வாரம் எங்க வீட்டுக்காரரும் கூட வந்தாரு.”

ஆயிரம் கம்பெனியைத் தாண்டி அவள் ஏன் வீரபாண்டிக்குப் போனாள் என்பதற்கு அதுதான் பதில்.

தண்டாயுதபாணி மெதுவாகக் கேட்டார். “ரோட்டுல என்னம்மா பயம்? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறனுங்க.”

நாகஜோதி யோசித்தாள். “ரோட்டப் பாத்துப் பயமில்லைங்கய்யா. வேன்ல சீனியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. அன்னைக்கும் பிடிச்சிருந்தா. ஹாரன் சத்தம் கேட்டா என் கை தானா பக்கத்துல தடவிப் பாக்குது. நடு ரோட்டுல நின்னு நான் தடவிக்கிட்டு இருந்தா லாரிக்காரன் நிப்பானா?”

மேலே ஒரு லாரி போனது. அவள் காதைப் பொத்தினாள்.

“குழாய்க்குள்ள பயமா இல்லையா?” என்றாள் வேல்விழி.

“முன்ன ஒரு பாம்பு இருந்துச்சுக்கா. சாயத் தண்ணி தாங்காம அதுவே ஊர விட்டுப் போயிருச்சு.”

“இதைக் கோர்ட்டுல ஏன் சொல்லலீங்க?” என்றார் தண்டாயுதபாணி.

“சாக்கடைல குனிஞ்சு போறேன்னு எப்படிச் சொல்றது? எங்க வக்கீலுக்கே தெரியாது. பைத்தியம்னு பேரு வந்துட்டா எம் புள்ளைய ஸ்கூல்ல கேலி பண்ணுவாக.”

“ரிப்போர்ட்டுல நான் எழுதட்டுமா? நீங்க வேண்டாம்னா எழுதலீங்க.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தூக்குச் சட்டியை எடுத்தாள். கரையில் நாலு அடி நடந்த பிறகு திரும்பினாள்.

“எழுதுங்கய்யா. பைத்தியம்னு மட்டும் எழுதாதீக.”

திங்கட்கிழமை காலையில் வெள்ளியங்கிரி ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். மொத்தம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நாகஜோதி தினமும் ஐந்து கிலோமீட்டர் போய் வேலை பார்க்கிறாள் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் குழாய் இருந்தது.

“மொதப் பக்கம் மட்டும் போதுமுங்க.”

“ரெண்டும் ஒரே பின்னுல குத்தியிருக்குதுங்க. பிரிச்சீங்கன்னா மொதப் பக்கத்துல என்ற கையெழுத்து இருக்காது.”

“என்னுங்க நீங்க! பத்தடில ரோடு இருக்கறப்ப ஒரு பொம்பளை அடியில போவுதுன்னு எழுதினா மேல இருக்கறவங்க என்னையக் கேலி பண்ணுவாங்க. அந்தக் குழாய்க்குள்ள மனுசன் போகவே முடியாதுங்க. பாத்திருக்கறனுங்க.”

“வெளியே இருந்து பாத்திருப்பீக” என்றாள் வேல்விழி.

வெள்ளியங்கிரிக்கு ரோசம் வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் மூவரும் குழாய் முன்னால் நின்றார்கள். அன்றைக்குத் தண்ணீர் நல்ல நீலம்.

“நான் போகறன். பாதியில திரும்பி வருவன். அப்ப ரெண்டாம் பக்கத்தைக் கிழிச்சுப் போடோணும். சம்மதமுங்களா?”

“சம்மதமுங்க.”

ஷூவைக் கழற்றினார். மூன்று பேனாவையும் வேல்விழியிடம் கொடுத்தார். மடங்கி, முனகி, உள்ளே போனார். முதலில் திட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். அப்போது ஒரு தண்ணீர் லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு குழாய் மேல் போனது. கரை அதிர்ந்தது. உள்ளே எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

“சார், ஆளு இருக்காரா?” வேல்விழி கிசுகிசுத்தாள். “இவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?”

வெகு நேரம் கழித்து வெள்ளியங்கிரி வெளியே வந்தார். திரும்பி வரவில்லை, மறுபக்கமாகத்தான் வந்தார். வெள்ளை பேன்ட்டில் தொடை வரை நீலம். கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மற்ற இருவரும் ரோட்டைத் தாண்டி அவர் பக்கத்தில் போய் நின்றார்கள்.

“குழாயே தலை மேல எறங்கின மாதிரி இருந்துதுங்க” என்றார் கடைசியில். “அந்தப் பொண்ணுக்கு இதுதான் பயமில்லாத வழிங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப மேல போறது அதுக்கு எப்படி இருக்குமுங்க?”

வெள்ளியங்கிரி கையை நீட்டினார். வேல்விழி பேனாக்களைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒன்றை மட்டும் எடுத்து, ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தின் அடியில், ‘நேரில் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீல விரல் ரேகையும் கூடவே பதிந்தது.

வெள்ளிக்கிழமை ஹியரிங்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. நாகஜோதி கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை என்று நீதிபதி ஒரு வக்கீலை மங்கலத்துக்கே அனுப்பி வாக்குமூலம் வாங்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் இழப்பீடு கிடைத்தது. அதில் மனநல டாக்டரின் வைத்தியச் செலவும் அடக்கம். வாரம் ஒருநாள் மங்கலத்துக்கு வந்து பார்க்கிற டாக்டர் ஒருவரை வேல்விழிதான் தேடிப் பிடித்துக் கொடுத்தாள்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ஆபீஸ் போன் அடித்தது. வேல்விழி எடுத்தாள்.

“அக்கா, நான் நாகஜோதி. இன்னைக்கு மேல ஏறினேன்.”

“எது மேல?”

“ரோட்டு மேல.” குரல் சட்டென்று இறங்கியது. “முழுசாத் தாண்டலக்கா. நடுவுல திண்டு இருக்குல்ல, அது வரைக்கும் போனேன். அங்கன உக்காந்துட்டேன். அப்பறம் வந்த பக்கமே திரும்பிட்டேன். பாதிதான்.”

“பாதியா? யாரு சொன்னா?” என்றாள் வேல்விழி. “போறதுக்குப் பாதி, வாரதுக்குப் பாதி. கூட்டிப் பாரு. ஒரு முழு ரோட்டைத் தாண்டியிருக்க. என்ன, கிளம்புன பக்கமே வந்து சேந்துட்ட. அம்புட்டுத்தான்.”

எதிர்முனையில் நாகஜோதி சிரித்தாள். சேர்ந்து சாப்பிட்ட அத்தனை மத்தியானத்திலும் வேல்விழி கேட்டிராத சிரிப்பு அது. எதிர் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தண்டாயுதபாணிக்கே கேட்டது. அவர் தலை தூக்கிப் பார்த்தார்.

“அப்ப நாளைக்கும் ஒரு ரோட்டைத் தாண்டிருவேன்க்கா” என்றாள் நாகஜோதி.